ஈஸ்வரி போட்ட நிறங்கள்

ஈஸ்வரி போன பிறகு முத்துராமனை முதலில் தடுமாற வைத்தது தொலைபேசிதான்.

தேக்காவில் ரோவல் ரோட்டில், அப்துல் ஹமீதின் மின்சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய ஏர்கான் சர்வீஸ் கம்பெனி. கம்பெனி என்று பெயர், உள்ளே போனால் ஒரே அறை. ஒரு மேசை, கணினி, சுவரோரம் சாய்த்து வைத்த ஏணிகள், கெமிக்கல் டப்பாக்கள், தண்ணீர் பீய்ச்சும் பம்புகள், மழைக்காலத்தில் காயாமல் நாறும் நீலப் பிளாஸ்டிக் விரிப்புகள். கீழே ஒரு லோரி. வேலைக்கு அவரும், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த வெங்கட்டும். ஃபோனை எடுப்பது, யார் வீட்டுக்கு என்றைக்குப் போவது என்று முடிவு செய்வது, போய் வந்ததை எக்செல்லில் ஏற்றுவது எல்லாம் அவர் மனைவி ஈஸ்வரி. முழுப்பெயர் சாமுண்டீஸ்வரி. கம்பெனி தொடங்கியதிலிருந்து அந்த மேசை நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

தீபாவளி முடிந்த வாரம் அவள் இரண்டு பெட்டியோடு பூன் லே வீட்டிலிருந்து கிளம்பினாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. "நான் கொஞ்ச நாளைக்குத் தனியா இருக்கலாம்னு பாக்குறேன்" என்றாள். முத்துராமன் பெட்டிகளை லிஃப்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். லிஃப்ட் மூடிக்கொண்டு கீழே இறங்கிய பிறகுதான், எங்கே போகிறாய் என்று கேட்காமல் விட்டது உறைத்தது.

கேட்டவர்களிடமெல்லாம், மெல்பர்னில் மகள் பிரியா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தார். பிரியாவுக்கு உண்மை தெரியும். "அம்மாவைக் கொஞ்ச நாள் விட்டுடுங்கப்பா. எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். நல்லா இருக்காங்க. அவசியம்னா மட்டும் கூப்பிடுங்க" என்றாள்.

அதனால் ஃபோனை அவரே எடுக்க வேண்டியதாயிற்று. ஏணி மேல் நின்று பிரித்துப்போட்ட மெஷினுக்குள் கையை விட்டிருக்கும்போது சட்டைப்பையில் அடிக்கும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தால், "மிஸ்டர் முத்து, போன தடவை வந்தீங்களே, அதே ரூம்தான் மறுபடி ஒழுகுது" என்பார்கள். போன தடவை எப்போது, அது எந்த ரூம் என்று அவருக்குத் தெரியாது. ஈஸ்வரி இருந்தபோது அதெல்லாம் அவர் காதுக்கு வந்ததே இல்லை. காலையில் ஒரு தாளை நீட்டுவாள். எடுத்துக்கொண்டு போவார்.

எக்செல்லைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. பெயர், ஃபோன், அடுக்குமாடிப் புளோக், எத்தனை மெஷின், என்ன செய்தது, எல்லாம் ஒரே வரியில். ஒரே ஆளின் பெயர் பத்து இடத்தில் இருந்தது. பல கட்டங்களுக்கு நிறம் பூசியிருந்தாள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா. எது எதற்கு என்று எங்கும் எழுதவில்லை. எழுதி வைக்க அவசியமும் இருந்ததில்லை. அந்த எக்செல்லைத் தயாரிக்கிறவளும் அவள்தான், படிக்கிறவளும் அவள்தான்.

நவம்பரில் தினமும் மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாள்தான் திரு. கோ ரோவல் ரோட்டுக்கு வந்தார். எண்பதை நெருங்கும் சீனக் கிழவர். தோ பாயோவிலிருந்து பஸ் ஏறி, குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மாடிப்படி ஏறி வந்து, அறை வாசலில் நின்று மலாயில் உரக்கப் பேசினார். காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தம். முந்தின நாள் காலையிலிருந்து காத்திருந்தாராம். நாற்காலிகளையெல்லாம் நாளிதழ் போட்டு மூடி வைத்திருந்தாராம். யாரும் வரவில்லை. கடைசியாக அவர் கேட்டதுதான் முத்துராமனுக்கு வலித்தது. "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? என்கிட்ட கோபமா?"

வெங்கட் பின்னால் நின்று கையைப் பிசைந்தான். "அண்ணே, நான் போனேன்ணே. பெல் அடிச்சேன், கதவு திறக்கலை. ஃபோன் அடிச்சேன், எடுக்கலை. வீட்டுல யாரும் இல்லைன்னு நெனச்சு அடுத்த ஜாப்புக்குப் போயிட்டேன்."

முத்துராமன் கிழவரைத் தன் லோரியிலேயே ஏற்றிக்கொண்டு தோ பாயோ போய், அன்றைக்கே வேலையை முடித்துக்கொடுத்தார். இரவு எக்செல்லில் தேடிப் பார்த்தார். கோவின் பெயர் இருந்த எல்லா வரிகளிலும் கட்டம் ஊதாவாக இருந்தது.

இதைக் கேள்விப்பட்டுத்தான் அதீஃப் மேலே வந்தான். அப்துல் ஹமீதின் மகன். முப்பது வயதைத் தாண்டியவன், நகரில் ஒரு பெரிய கம்பெனியில் கணினி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அத்தாவின் கடைக்கு வந்து உட்காருவான்.

"அங்கிள், சீனப் பெருநாள் வருதுலா. அதுக்கு முன்னாடி ஊர்ல உள்ள அத்தனை பேரும் ஏர்கான் கழுவணும்னு ஃபோன் போடுவாங்க. இந்த எக்செல்லை வச்சுக்கிட்டு நீங்க எப்படிச் சமாளிப்பீங்க?"

"அதான் தெரியலை. ஈஸ்வரி சமாளிச்சா."

"ஆன்ட்டி எப்ப வராங்க?"

"பேரப் பிள்ளையை விட்டுட்டு வர மாட்டேங்கிறா."

அதீஃப் ஒரு தாளை எடுத்து நாலு கட்டம் வரைந்தான். "பாருங்க, இது ஆட்கள். இது வீடுகள். இது மெஷின். இது போய் வந்த வேலை. ஒவ்வொரு விஷயத்தையும் ஒரே ஒரு இடத்துலதான் எழுதுவோம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரை வச்சு வீட்டையும் மெஷினையும் வேலையையும் கோத்துடுவோம். இதான் டேட்டாபேஸ். மிஸஸ் லிம் வீடு மாறினா ஒரு இடத்துல மாத்தினா போதும்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

"இப்ப மிஸஸ் லிம் எத்தனை வரியில இருக்காங்கன்னு பாருங்களேன். ஒண்ணுல பழைய புளோக்கு, ஒண்ணுல புதுசு, ஒண்ணுல எழுத்து மாறிப்போய் லின். நமக்கு ஒரே பொம்பளை. கம்ப்யூட்டருக்கு எல்லாரும் வேற வேற பொம்பளை."

அடுத்த ஞாயிறு அதீஃப் எக்செல்லைப் புது இடத்துக்கு ஏற்றிப் பார்த்தான். திரையில் எழுத்துகளும் எண்களும் வந்து இறங்கின. வெள்ளையில் கறுப்பு. அவ்வளவுதான்.

"கலர் எங்க?" என்றார் முத்துராமன்.

"வராது அங்கிள். கலர் டேட்டா இல்ல, கண்ணுக்கு அலங்காரம். எக்செல்லை விட்டு வெளிய எடுத்தா உதிர்ந்துடும்."

"அலங்காரம் இல்லடா. அவ சும்மா எதுவும் பண்ண மாட்டா."

"அப்ப ஒவ்வொரு கலருக்கும் என்ன அர்த்தம்னு தெரியணும். தெரிஞ்சா அதுக்கு ஒரு தனிக் கட்டம் போட்டுடலாம். மெல்பர்னுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்களேன்."

அன்று சாயங்காலம் பூன் லே வீட்டில், கீழே தூண்களுக்கு நடுவே திறந்துகிடக்கும் வாய்ட் டெக்கில் பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி முத்துராமன் கையில் ஃபோனோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவசியம் என்றால் மட்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். இது அவசியம்தான். அவசியம் ஒன்று கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"சொல்லுங்க" என்றாள் ஈஸ்வரி.

"ஊதா கலர்னா என்ன?"

"எதுல?"

"ஷீட்டுல."

"இதைக் கேக்கத்தான் கூப்பிட்டீங்களா?"

வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கோ மழையில் அலைந்து வந்ததையும் அதீஃப் செய்கிற வேலையையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "ஃபோன்ல சொன்னா விளங்காது. ஞாயித்துக்கெழமை கடைக்கு வரேன்" என்றாள்.

சனிக்கிழமை அவர் அறையைக் கூட்டினார். விரிப்புகளை மொட்டை மாடியில் காயப் போட்டார். அந்த அறையிலேயே ஒரு ஏர்கான் உண்டு. வருஷக்கணக்காக ஒழுகியது. ஊரெல்லாம் ஏர்கான் சரி செய்கிறவருக்கு அதைத் திறந்து பார்க்க நேரம் இருந்ததில்லை. ஈஸ்வரி அதன் கீழே ஒரு பேசின் வைத்து, நிறைந்ததும் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் அதைக் கழற்றி, பைப்பிலிருந்த அடைப்பைப் பம்பால் உறிஞ்சி எடுத்து, கழுவி மாட்டினார். பேசினை எடுத்து மூலையில் கவிழ்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரோவல் ரோடு வழக்கம்போல ஆளாய் நெரிந்தது. ஜூரோங் கப்பல் பட்டறைகளிலிருந்தும் கட்டுமானத் தளங்களிலிருந்தும் வந்த ஆட்கள் நடைபாதை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஈஸ்வரி வருவதை முத்துராமன் மாடி ஜன்னலிலிருந்தே பார்த்துவிட்டார். முடியைத் தோளோடு வெட்டியிருந்தாள். படியிறங்கிப் போவதற்குள் அப்துல் ஹமீது அவளைப் பிடித்துக்கொண்டார்.

"அடடே, வாம்மா! மெல்பர்ன்லேருந்து எப்ப வந்தே?"

ஈஸ்வரி திரும்பி, படியில் நின்ற கணவரைப் பார்த்தாள்.

"இப்பதான் பாய்" என்றாள்.

மேலே வந்து பையை மேசைமேல் வைத்ததும் கேட்டாள். "மெல்பர்னா?"

"வேற என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்றது." அண்ணாந்து பார்த்தாள். "ஒழுகலையே."

"சரி பண்ணிட்டேன்."

"நல்லது."

அதற்குள் அதீஃப் மடிக்கணினியோடு வந்துவிட்டான். முத்துராமன் பயந்ததுபோல் அவள் தன் எக்செல்லுக்காக மல்லுக்கு நிற்கவில்லை. டேபிள் என்ற நாலு பட்டியல்களையும் அதீஃப் விளக்கியபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"அப்ப ஒருத்தருக்கு ரெண்டு வீடு இருந்தா? மிஸஸ் டான் அவங்க வீட்டுக்கும் அவங்க அம்மா வீட்டுக்கும் சேர்த்துப் புக் பண்ணுவாங்க."

"ஒரு ஆள், ரெண்டு வீடு. ரெண்டு வீட்டுலயும் அதே ஆள் நம்பர் இருக்கும் ஆன்ட்டி."

"வீடு கைமாறிட்டா? மெஷின் அதே மெஷின்தான, ஆளு வேற."

"மெஷின் வீட்டோட சேர்ந்தது. ஆளை மட்டும் மாத்திடலாம். பழைய வேலையெல்லாம் மெஷின்கிட்டயே நிக்கும்."

ஈஸ்வரி சிரித்துவிட்டாள். "இவ்வளவு சுலபமா? ஒரே பேரை ஆயிரம் தடவை அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சுபோச்சு. இதை அப்பவே செஞ்சிருக்கலாமேடா!"

பிறகு நிறங்களைச் சொன்னாள். பச்சை என்றால் வீட்டில் கைக்குழந்தை, கெமிக்கல் வாசனை ஆகாது, தூங்கும் நேரம் கேட்டுப் போக வேண்டும். ஆரஞ்சு என்றால் நாய். மஞ்சள் வீட்டில் வெள்ளிக்கிழமை போகக்கூடாது, தொழுகைக்குக் கிளம்புவார்கள். அதீஃப் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கட்டம் போட்டுக்கொண்டே வந்தான்.

"ஊதா?"

"தனியா இருக்கிறவங்க" என்றாள். "அவங்களுக்கு அவசரப்பட்டு நேரம் குடுக்கக் கூடாது. அன்னிக்குக் கடைசி ஜாப்பா போடணும். வேலை முடிஞ்சாலும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்ற மாதிரி. மிஸ்டர் கோவுக்குப் பெல் கேக்காது, கதவுக் கம்பியைப் பிடிச்சு ஆட்டணும், அதிர்ந்தா தெரிஞ்சுக்குவாரு. கோப்பி போட்டு வச்சிருப்பாரு. குடிக்காம வந்தா மனசு விட்டுப்போயிடும்."

முத்துராமனுக்கு ஞாபகம் வந்தது. தோ பாயோ வேலை எப்போதும் கடைசியாகத்தான் வரும். ஏன் இவ்வளவு தூரத்தைக் கடைசியில் போடுகிறாள் என்று பலமுறை எரிச்சல்பட்டிருக்கிறார். கிழவர் நீட்டிய கோப்பியை நின்றபடியே குடித்துவிட்டு ஓடிவந்திருக்கிறார். கணினியில் எக்செல்லை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். இவ்வளவு ஊதா இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

மத்தியானம் அதீஃப் பள்ளிவாசலுக்குத் தொழப் போனான். கீழிருந்து அப்துல் ஹமீது மீ கோரிங்கும் பராட்டாவும் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நடைபாதையில் இருந்த கூட்டம் கடை வாசல்களுக்குள் ஒதுங்கும் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கே?" என்றார்.

"சொல்றேன். இப்ப வேணாம்."

"செலவுக்கு?"

"நூலகத்துல புத்தகம் அடுக்குற வேலை. பாதி நாள். யாரும் சத்தமா பேச மாட்டாங்க. நல்லா இருக்கு."

பராட்டாவைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தபடியே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "நான் என்ன பண்ணினேன் ஈஸ்வரி?"

"ஒண்ணும் பண்ணலைங்க. குடிக்கலை, கை நீட்டலை. எங்க அக்காவும் இதையேதான் கேக்குறா, அப்புறம் என்ன கொறைன்னு." தண்ணீர் குடித்தாள். "பிரியா கல்யாணமாகி பிளேன் ஏறின அன்னிக்கு ஏர்போர்ட்லேருந்து வந்து சாப்பிட உக்காந்தோமே, என்ன பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"நாளைக்கு ஜூரோங் பக்கம் எத்தனை ஜாப்புன்னு கேட்டீங்க. நான் சொன்னேன். சரின்னு எந்திரிச்சுப் போய்ப் படுத்துட்டீங்க."

"அன்னிக்கு எனக்கும் மனசு சரியில்ல. என்ன பேசறதுன்னு தெரியாமத்தான்..."

"தெரியும். அதனாலதான் கோபப்படலை. நாளைக்குப் பேசுவாரு, அடுத்த வாரம் பேசுவாருன்னு இருந்தேன். காலையிலேருந்து ஃபோன் அடிக்கும். குளிரலை, ஒழுகுது, சத்தம் போடுது, எப்ப வருவீங்க. வீட்டுக்கு வந்தா நீங்களும் அதையேதான் பேசுவீங்க. என்னைக் கேட்டு ஒரு ஃபோன் வந்ததில்ல. ஒரு நாள் பஸ்ஸுல போறப்ப யோசிச்சேன், இந்தக் கம்பெனி இல்லைன்னா நாம ரெண்டு பேரும் பேசிக்க என்ன இருக்குன்னு. எவ்வளவு யோசிச்சும் ஒண்ணும் கெடைக்கலை. பயமாப் போயிருச்சு."

"இனிமே பேசறேன்."

"இப்ப அதுக்காக நான் வரலைங்க. நான் போனதால அந்தக் கிழவர் மழையில அலைஞ்சாருன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்காக வந்தேன்."

அதீஃப் திரும்பி வந்து, நனைந்த செருப்பை வாசலில் விட்டான். மறுபடி வேலை ஆரம்பித்தது. ஒரே ஆள் என்று தெரிந்த வரிகளையெல்லாம் ஒன்றாக்கினார்கள். கடைசியில் அவன் எக்செல்லின் முதல் வரிக்கு வந்தான்.

"ஆன்ட்டி, முதல் வரியே உங்க பூன் லே வீடுதான்."

"பழகிப் பார்க்க நம்ம வீட்டையே முதல்ல அடிச்சுப் பார்த்தேன். அப்படியே நின்னுபோச்சு."

"பேரு ரெண்டு பேருதும் இருக்கு. நம்ம டேபிள்ல ஒரு வீட்டுக்கு ஒரு கஸ்டமர்தான். யார் பேரைப் போட?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். முத்துராமன் ஈஸ்வரியைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் பேரைப் போடு" என்றாள்.

அதீஃப் தட்டினான். அவள் அவன் கையிலிருந்து மௌஸை வாங்கினாள். அந்த வரியிலேயே நகர்ந்துபோனாள். கைக்குழந்தை, இல்லை. நாய், இல்லை. 'தனியாக வசிப்பவர்' என்று இருந்த இடத்தில் நின்றாள். பிறகு அந்தக் கட்டத்தை அழுத்தினாள். சின்னதாக ஒரு டிக் விழுந்தது.

அதீஃப் திரையையும் ஈஸ்வரியையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று முத்துராமனுக்குத் தெரிந்தது.

"நான் கீழ போய் தேத்தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தான்.

"இருடா" என்றார் முத்துராமன். "இவ மெல்பர்னுக்குப் போகலை. நாங்க தனித்தனியா இருக்கோம். தீபாவளியிலேருந்து. உங்க அத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"சரி அங்கிள்."

"எனக்குச் சீனி கம்மியா" என்றாள் ஈஸ்வரி.

இன்னும் இரண்டு ஞாயிறு அவள் வந்தாள். பெருநாளுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. முத்துராமன் அப்துல் ஹமீதிடமும் சொல்லிவிட்டார். பாய் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் மேலே ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்.

சீனப் பெருநாள் நெருக்கடி வந்தது, போனது. ஒரு வீடும் தவறவில்லை. வெங்கட் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஃபோனை எடுத்துப் படித்துவிட்டுத்தான் கதவைத் தட்டினான். "அண்ணே, நாய் பேரு முதற்கொண்டு இருக்குண்ணே!" என்று ஆச்சரியப்பட்டான். அதீஃப் அமைத்துக் கொடுத்த பக்கத்தில் வாடிக்கையாளர்களே ஃபோனில் தட்டிப் புக்கிங் போட்டார்கள். மணி அடிப்பது குறைந்தது. ஏணி மேல் நிற்கும்போது சட்டைப்பை அமைதியாக இருப்பது முத்துராமனுக்குப் புதிதாக இருந்தது. வீட்டுக்குப் போனாலும் அதே அமைதிதான். உணவங்காடியில் சோறு வாங்கிவந்து, பொட்டலத்தை விரித்துத் தொலைக்காட்சி முன்னால் உட்காருவார். பாதி தின்பதற்குள் என்ன ஓடுகிறது என்பது மறந்துபோகும்.

ஒரு நாள் சாயங்காலம் ஈஸ்வரியைக் கூப்பிட்டார். "பச்சையில வெளிர்பச்சைன்னு ஒண்ணு இருந்துச்சே. அது என்ன?"

"அதையும் ஏத்தியாச்சுங்க. அதீஃப்தான் ஏத்தினான். நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க."

"ஆமா. மறந்துட்டேன்."

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச்சில் வெயில் கொளுத்தியது. ஒரு காலையில் அன்றைய வேலைகளை ஃபோனில் பார்த்தபோது புதிதாக ஒரு பெயர் இருந்தது. சாமுண்டீஸ்வரி. கேலாங் ஈஸ்ட், சிவன் கோயிலுக்குப் பக்கத்துப் புளோக். ஒரு மெஷின். தண்ணீர் ஒழுகுகிறது. எல்லாரையும்போல அவளும் ஃபோனிலேயே புக்கிங் போட்டிருந்தாள். முகவரி முழுவதும், மாடி எண் வரை இருந்தது.

வெங்கட்டுக்குப் பொதுவாகக் கேலாங் பக்கம் போகிற நாள் அது. "நீ பூன் லே ஜாப்பைப் பாரு. இதுக்கு நான் போறேன்" என்றார் முத்துராமன்.

லோரியில் போகும்போது, வேலையைத் தவிர வேறு என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே போனார். சிக்னலில் நிற்கும்போது உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார்.

அவளே கதவைத் திறந்தாள். "நீங்களா?" என்று கேட்டு, வழி விட்டாள். சின்ன வீடு. ஒரு கூடம், ஒரு அறை. ஒற்றைக் கட்டில். ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி, அதன் மேலும் பக்கத்திலும் நூலகப் புத்தகங்கள். வெளியே கம்பியில் அவளுடைய துணிகள் மட்டும் காய்ந்தன. சாம்பிராணி வாசனை வந்தது. பூன் லே வீட்டில் அவள் சாம்பிராணி போட்டதே இல்லை. புகை அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

ஏர்கான் நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது. அவர் நாற்காலியை நகர்த்தப் போனார். அவள் ஓடிவந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக, திறந்த பக்கம் மூடாமல் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவர் விரிப்பைக் கட்டி, மூடியைக் கழற்றி, பைப்பில் உறிஞ்சியைப் போட்டார். கறுப்புக் கசடு குபுக்கென்று வந்து விழுந்தது. பழைய மெஷின், ஆனால் கெட்டுப்போகவில்லை. துடைத்தபடி, லோரியில் பழகிப் பார்த்ததைக் கேட்டார்.

"என்ன புத்தகம் படிக்கிறே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்ப்பதுபோல. "கடலைப் பத்தி. ரொம்ப ஆழத்துல இருக்கிற மீனுங்களைப் பத்தி."

"அவ்வளவு ஆழத்துல வெளிச்சம் இருக்குமா?"

"சூரிய வெளிச்சம் போகாதாம். சிலதுங்க உடம்புலேருந்தே கொஞ்சம் வெளிச்சம் போடுமாம்."

"எதுக்கு?"

"இரை பிடிக்க. ஜோடி தேட. சிலது எதுக்குன்னு இன்னும் கண்டுபிடிக்கலையாம்." கட்டிலில் உட்கார்ந்து ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினாள். கோரப்பல்லும் நெற்றியில் விளக்குமாக ஒரு மீன். அவர் ஏணியில் நின்றபடி குனிந்து பார்த்து, "நம்ம பழைய வீட்டு ஓனர் மாதிரியே இருக்கு" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியாக எப்போது அவளைச் சிரிக்க வைத்தோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை.

கழுவி மாட்டி, ஓட விட்டுப் பார்த்தார். குளிர் பரவியது. அவள் தேத்தண்ணீர் கொடுத்தாள். உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தார். மீனைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார்கள், பிரியாவின் பிள்ளையைப் பற்றியும் பேசினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ். அடுத்தது ஜூனில் வரும். அதற்குள் மீனைப் பற்றித் தானும் ஏதாவது படித்து வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஈஸ்வரி சொன்னாள். "அடுத்த தடவை வெங்கட்டை அனுப்புங்க."

அவர் ஏணியை மறு தோளுக்கு மாற்றினார். "வேலை சரியில்லையா?"

"வேலை நல்லா இருக்கு. இன்னிக்குப் பேசினதும் நல்லாத்தான் இருந்துச்சு." கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க வருவீங்கன்னா நான் ஒரு வாரமா இந்த வீட்டை உங்க கண்ணால பார்த்துக்கிட்டே இருப்பேன். இதை என்ன நெனைப்பாரு, அதை என்ன நெனைப்பாருன்னு. எனக்கு இந்த வீடு என் கண்ணுல மட்டும் இருக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

"இல்ல" என்றார். "அனுப்பறேன்."

"சாப்பிட்டுட்டு அடுத்த ஜாப்புக்குப் போங்க."

"சரி."

கீழே லோரி வெயிலில் கொதித்துக் கிடந்தது. ஏறி உட்கார்ந்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கினார். கோயிலில் உச்சிகால மணி அடித்தது. பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்து, அன்றைய வேலையைத் திறந்தார். 'முடிந்தது' என்று அழுத்தினார். அடுத்த தேதி தானாக வந்து நின்றது. யாரை அனுப்புவது என்ற இடத்தில் இரண்டே பெயர்கள் இருந்தன. வெங்கட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்.

அதற்குக் கீழே, போகிறவர் கவனத்துக்கு என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. இதுவரை அந்தக் கட்டத்தில் அவர் எதுவும் எழுதியதில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

'மெஷினுக்குக் கீழே நாற்காலியில் புத்தகங்கள் இருக்கும். திறந்து வைத்த பக்கத்தை மூடிவிடாதே.'

ஒருமுறை படித்துப் பார்த்தார். சேமித்துவிட்டு லோரியைக் கிளப்பினார்.